கொச்சியில் செய்ய வேண்டிய பத்தும் நான் செய்யாத ஒன்றும்

டூர் நடத்துவது என்பது, இருபத்திரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஒண்ணுக்கு வராது என்ற உண்மையைக் குமுளி மலை ஏறி முடிப்பதற்குள் புரிந்துகொள்ளும் தொழில். கல்யாணப் பந்தியில் விசாரிப்புக்கு நின்றவர்கள், சொந்தபந்தங்களைத் திரட்டிக்கொண்டு திருச்செந்தூர் போனவர்கள், "எல்லாரும் ஏறியாச்சா?" என்று வாழ்க்கையில் ஒரு தடவையாவது தொண்டை கிழியக் கத்தியவர்கள் எல்லாரும் என் கட்சி. உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களுக்கு இது சிரிப்பு.

என் பெயர் தெய்வேந்திரன், ஊர் கம்பம். முன்பு மலைக்கு அந்தப் பக்கம் கேரள எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டினேன். அதில் கொஞ்சம் மலையாளம் ஒட்டிக்கொண்டது. ‘எந்தா சேட்டா’ என்று ஆரம்பித்தால் நாலு வாக்கியம் வரை வண்டி ஓடும். அந்த நாலு வாக்கியத்தை நம்பி, பத்து வருஷத்துக்கு முன் கொச்சி டூர் ஆரம்பித்தேன். வேன் ஒன்று, டிரைவர் சுருளியாண்டி அண்ணன், ஓர் அட்டை. முதலீடு அவ்வளவுதான். அட்டையில் ‘கொச்சியில் கண்டிப்பாகச் செய்ய வேண்டிய பத்து’ என்று தலைப்புப் போட்டு, ஒன்று முதல் பத்து வரை அச்சடித்து, வண்டி கிளம்பியதும் ஆளுக்கு ஒன்று கொடுப்பேன். படிக்கிறவர்கள் படிப்பார்கள், மற்றவர்கள் விசிறிக்கொள்வார்கள்.

இனி ரகசியம். அந்த அட்டையில் முதலாவது ‘கடலில் கால் நனைத்தல்’. மாதம் இரண்டு தடவை கொச்சிக்குப் போய்வந்த நான் அந்த ஒன்றை மட்டும் செய்ததே இல்லை. எனக்குத் தண்ணீரில் கண்டம். நான் பிறந்தபோது ஜாதகம் கணித்த சோசியர் அப்படி எழுதிவிட்டார். என் தாய்மாமா ஒருவர் கிணற்றில் போனவர். அதனால் அம்மா அந்த வரியைக் கல்வெட்டாகவே எடுத்துக்கொண்டாள். கூட்டாளிகள் தோட்டத்துக் கிணற்றில் குதித்து நீச்சல் பழகியபோது நான் மேலே உட்கார்ந்து அவர்கள் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுருளி அருவிக்குப் போனாலும் கம்பிக்கு இந்தப் பக்கம்தான்.

முப்பது வயது முடிந்த வாரம் அம்மா என்னைக் குச்சனூர் சனீஸ்வரன் கோவிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். எள்ளுத் தீபம் போட்டாள், காக்காய்க்குச் சோறு வைத்தாள். ஏழரைச் சனி போலிருக்கிறது என்று நானும் கேட்கவில்லை. கடைசியில், "ஏலே, சுரபி ஆத்துல ஒரு முங்கு முங்கிட்டு வா" என்றாள். பக்தி முற்றிப்போய்ப் பெற்றவளே கண்டத்தை மறந்துவிட்டாளே என்று நினைத்தேன். படித்துறைக்குப் போனேன், சொம்பில் மொண்டு தலையில் தெளித்துக்கொண்டேன், முங்கியாச்சு என்று வந்து சொல்லிவிட்டேன். உயிர் முக்கியம் அல்லவா?

கடலுக்குக் கூட்டிப்போகிறவனுக்கே தண்ணீரில் கண்டம் என்று எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் தெரிந்தால் என் வேனில் யார் ஏறுவார்? ஒருத்தன் கண்டம் பக்கத்து சீட்டுக்காரனையும் சேர்த்து இழுக்கும் என்று நம்புகிற ஊர் எங்கள் ஊர். ஆகவே உயிரும் போகக் கூடாது, விஷயமும் தெரியக் கூடாது, பிழைப்பும் நடக்க வேண்டும். இந்த மூன்றையும் இடுப்பில் கட்டிக்கொண்டுதான் ஒன்பது வருஷம் ஓட்டினேன். சுருளியாண்டி அண்ணன் ஒருவருக்கு மட்டும் விஷயம் தெரியும்.

முதல் டூர்

முதல் டூரில் வந்தது காமயகவுண்டன்பட்டிக் கூட்டம். எங்கள் பக்கம் கே.கே.பட்டி என்றால்தான் பஸ்ஸே நிற்கும். ஆட்களைச் சேர்த்துக் கொண்டுவந்தவர் பொன்னுத்தாய் அக்கா. திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர். அவர் ஒரு தடவை பார்த்தால் பூச்சி விழுந்த கொத்து எது என்று தெரிந்துவிடும். அந்தப் பார்வையைத் தோட்டத்தில் விட்டுவிட்டு வரவில்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

ஃபோர்ட் கொச்சி கடற்கரையில் இறங்கியதும் அத்தனை பேரும் தண்ணீரைப் பார்த்து ஓடினார்கள். எனக்கு நடைபாதைச் சுவரைத் தாண்டிக் கால் எழவில்லை. "வாங்க தம்பி" என்று நாலு பேர் கையைப் பிடித்து இழுக்க, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நேரத்தில் ஒருவர் தன் செருப்பைக் கழற்றி, "இதக் கொஞ்சம் பாத்துக்கிருங்க" என்றார். கடவுளே வந்து கொடுத்த செருப்பு அது. "எல்லாரும் இங்கன கழட்டுங்க, நான் பாத்துக்கிடுறேன்" என்று கூவினேன். இருபத்திரண்டு ஜோடியையும் வரிசையாக அடுக்கி, நடுவில் ராஜா மாதிரி உட்கார்ந்தேன். அன்றைக்குப் பிடித்த உத்தியோகத்தை நான் விடவே இல்லை. திரும்பி வந்த பொன்னுத்தாய் அக்கா என்னைப் பார்த்துவிட்டு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "கூட்டிட்டு வர்றவுக எல்லாம் நமக்கு முன்னால தண்ணிக்கு ஓடுவாக, இந்தத் தம்பி ஒண்ணுதான் நம்ம செருப்புக்கு மதிப்புக் குடுத்துச்சு."

பத்தில் நான்கு: சீன வலை

பெரிய பெரிய கழிகளைக் கட்டி, கல்லைத் தொங்கவிட்டு, நாலைந்து பேர் சேர்ந்து தண்ணீரிலிருந்து தூக்குகிற வலை. வெளிநாட்டுக்காரர்கள் போட்டோ எடுத்தே மாய்ந்து போவார்கள். எங்கள் ஆட்கள் போட்டோ எடுக்க மாட்டார்கள். விசாரணை வைப்பார்கள். எத்தனை ஆள், ஒரு நாளைக்கு எத்தனை தூக்கு, கழி என்ன மரம், கயிறு எத்தனை மாசம் தாங்கும். என் நாலு வாக்கிய மலையாளம் மூன்றாவது கேள்வியிலேயே தீர்ந்துபோகும்.

ஒரு தடவை கூடலூர்க்காரர் ஒருவர் வந்திருந்தார். அந்த வருஷம் மழை அடித்துத் திராட்சை முழுக்க வெடித்துப்போய், வீட்டில் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த மனிதர். மனைவிதான் வற்புறுத்தி வேனில் ஏற்றியிருந்தார். வழியெல்லாம் வாயே திறக்கவில்லை. வலையை அஞ்சு பேர் மூச்சுப் பிடித்துத் தூக்குவதைக் கண்கொட்டாமல் பார்த்தார். மேலே வந்த வலையில் ஒரு கைப்பிடி பொடி மீனும் ஒரு பிளாஸ்டிக் பையும் இருந்தன. தூக்கியவர்கள் மறுபடி இறக்கினார்கள். மறுபடி தூக்கினார்கள், மறுபடி அதே கைப்பிடி. எட்டு தூக்கு வரை நின்று பார்த்தவர், மனைவி பக்கம் திரும்பி, இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்தார்: "இவுக பாடு நம்ம திராட்சையவிட மோசமால்ல இருக்கு, வா, போயி டீ குடிப்போம்."

பத்தில் ஏழு: மீன் சாப்பாடு

தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்த பெரிய முட்டாள்தனம், சனிக்கிழமை மத்தியானம் மீன் சாப்பாடு வைத்தது. லீவு நாள் என்று சனி, ஞாயிறாகப் பார்த்துப் போட்டேன். குச்சனூர்ப் பக்கத்து ஆட்கள் சனிக்கிழமை கவிச்சி தொடமாட்டார்கள் என்பது கம்பத்தில் பிறந்த எனக்கு எப்படி மறந்தது என்று இன்னும் தெரியவில்லை. மசாலா தடவி வாழை இலையில் மடித்துச் சுட்ட கரிமீன் பொள்ளிச்சது மணமணக்க வந்து உட்கார்ந்தது. இருபத்திரண்டு பேரும் எழவு வீட்டில் உட்கார்ந்த மாதிரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மோர் வாங்கிச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டார்கள்.

சாப்பிடுவதற்கு முன் காக்காய்க்கு வைக்க வேண்டுமே. ஓர் அண்ணாச்சி இலையில் மோர்ச்சோறு எடுத்துப்போய், கரையோரமாக வைத்து, கைதட்டி, "கா, கா" என்று கூப்பிட்டார். காக்காய்க்கு அங்கே பஞ்சமே இல்லை. ஆனால் அத்தனையும் மீன் கழுவுகிற இடத்தில் குடலுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. கால் மணி நேரம் தொண்டை வறளக் கூப்பிட்டார். ஒரு காக்காய் வந்து மோர்ச்சோற்றைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, திரும்பிப் போய்விட்டது. அண்ணாச்சி திரும்பி வந்து இலை முன் உட்கார்ந்து மனைவியிடம் சொன்னார்: "சனீஸ்வரன் வாகனமே சனிக்கெழம மீன் திங்குது, நாம மட்டும் என்னத்துக்கு மோரக் குடிச்சிட்டுக் கெடக்கோம்?"

எத்தனை பட்டி!

படகுத் துறைக்குப் பக்கத்து டீக்கடைக்காரர் நல்ல மனிதர். எந்த ஊர் என்று கேட்டார். நான் பெருமையாக, கே.கே.பட்டி, ராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி என்று வேனில் இருந்த ஊர்களையெல்லாம் அடுக்கினேன். ஒவ்வொரு பட்டிக்கும் அவர் உதடு துடித்தது. நாலாவது பட்டியில் அடக்க முடியாமல் பாய்லர் மேல் சாய்ந்துகொண்டு சிரித்தார். மலையாளத்தில் பட்டி என்றால் நாய். ஜீப் ஓட்டிய காலத்திலிருந்து எனக்குத் தெரிந்த விஷயம்தான். பெருமை பேசும்போது எதுதான் ஞாபகம் வருகிறது?

பொன்னுத்தாய் அக்கா விடவில்லை, எதுக்குச் சிரிக்கிறார் என்று சொல்லியே ஆக வேண்டும் என்றார். தயங்கித் தயங்கிச் சொன்னேன். இன்றைக்கு டீக்கடையில் சண்டைதான் என்று நினைத்துக்கொண்டேன். அக்கா டம்ளரில் இருந்த கடைசி வாயைக் குடித்து முடித்தார், கடைக்காரரை ஏற இறங்கப் பார்த்தார், நிதானமாகச் சொன்னார்: "ஆமா, நன்றியுள்ள ஊருக்காரகதான், டீக்குக் காசக் குடுத்துட்டுத்தான் போவோம்னு சொல்லு தம்பி."

பத்தில் மூன்று: படகுச் சவாரி

எர்ணாகுளம் பக்கமிருந்து ஃபோர்ட் கொச்சிக்குப் படகில் போவது அட்டையில் மூன்றாவது. நான் டிக்கெட் எடுத்துக் கொடுத்து, எல்லாரையும் ஏற்றிவிட்டு, "நான் முன்னால போயி அங்கன ஏற்பாடு பண்ணுறேன்" என்று வேனுக்கு ஓடிவிடுவேன். முன்னால் போவது என்பது வாய்ச் சொல்தான். படகு நேர் வழியில் இருபது நிமிஷத்தில் போய்விடும். வேன் பாலம் பாலமாகச் சுற்றி, சிக்னல் சிக்னலாக நின்று, ஒரு மணி நேரம் கழித்துப் போகும். ஏற்பாடு செய்யப் போனவன் வரவில்லையே என்று அவர்கள் எனக்காக வெயிலில் காத்திருப்பார்கள்.

சுருளியாண்டி அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பார். நான் ஜன்னல் வழியாகப் பாலத்துக்குக் கீழே தண்ணீரைப் பார்க்காமல் இருப்பதற்காகக் கணக்கெடுப்பு நோட்டைப் படிப்பேன். இப்படி நாலைந்து வருஷம் நடந்தது. ஒரு நாள் துறையில் வியர்க்க விறுவிறுக்கப் போய் இறங்கினேன். பொன்னுத்தாய் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். அக்காவின் சந்தேகம் வேறு என்று தெரிந்ததும்தான் மூச்சு வந்தது: "எங்கள மட்டும் தண்ணியில ஏத்திவிட்டுட்டு நீ ஊரச் சுத்தி வர்றியே, எங்களுக்குக் காட்டாம அந்த வழியில அப்படி என்னதான் பாக்குற?"

மட்டாஞ்சேரியில் ஓர் அக்கா

மட்டாஞ்சேரியில் மசாலாக் கடைகள் வரிசையாக இருக்கும். நம் ஏலக்காய் அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் மணப்பெண் மாதிரி உட்கார்ந்திருக்கும். கடைக்காரர் ஒரு காயை எடுத்து உரித்து, மணந்து பாருங்கள் என்று நீட்டினார். வாங்கிக்கொண்டவர், வண்டிப்பெரியாற்றுக்கு மேலே ஏலத் தோட்டத்தில் பதினைந்து வருஷமாகக் காய் எடுக்கும் அக்கா. ஜீப் ஓட்டிய காலத்தில் என் வண்டியில் விடியற்காலம் ஏறிய ஆள்தான்.

அக்கா அந்தக் காயை மணக்கவில்லை. விரலில் உருட்டிப் பார்த்து, இது ரெண்டாம் எடுப்புக் காய், முற்றவில்லை என்றார். கடைக்காரருக்கு அது புரியவில்லை. வாங்கிக்கொள்ளுங்கள், சுத்தமான மலைச் சரக்கு என்று விடாமல் சொன்னார். அக்கா காயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வலது கையை அவர் மூக்குக்கு நேரே நீட்டி, என்னிடம் சொன்னார்: "பதினஞ்சு வருசமாச் சோப்புப் போட்டும் போகாத வாசம், மோந்து பாத்துக்கிடச் சொல்லு தம்பி."

பத்தில் பத்து: அஸ்தமனம்

கம்பத்தில் அஞ்சரை மணிக்கெல்லாம் சூரியன் மேற்கு மலைக்குப் பின்னால் போய்விடும். வெளிச்சம் இருக்கும், சூரியன் இருக்காது. கேரளாவுக்குப் போயிருச்சு என்போம். அதனால் கொச்சியில் அஞ்சரைக்கு எல்லாரையும் கடலைப் பார்த்து உட்காரவைத்தால், ஆறு மணிக்கு வீட்டுக்குப் போகலாமா என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். இன்னும் இறங்கல, இன்னும் இறங்கல என்று நான் சமாதானம் சொல்லி முடிக்கும்போது எனக்கே சூரியன் மேல் கோபம் வரும்.

ஒரு டூரில் மர வேலை செய்கிற அண்ணன் ஒருவர், கடைசி வரை இமைக்காமல் உட்கார்ந்திருந்தார். சூரியன் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குள் இறங்கி மறைந்ததும், ரொம்ப நாள் மனசில் இருந்த வழக்கு ஒன்று தீர்ந்த நிம்மதியோடு எழுந்து வேட்டியை உதறினார்: "இத்தன நாளா நம்ம சூரியனக் கேரளாக்காரக வச்சுக்கிட்டாகன்னு நெனச்சேன், பாவம், அவுகளும் கடலுக்குத்தான் குடுத்துட்டு நிக்காக."

தண்ணீர் பாட்டில்

வீட்டில் தெளிக்க, தொழுவத்தில் தெளிக்க என்று எங்கள் ஆட்கள் கடல் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வருவார்கள். குடிதண்ணீர் வாங்கிய அதே பாட்டில். எல்லாம் ஒரே மாதிரி சீட்டுக்கடியில் உருண்டுகொண்டிருக்கும். ஒரு தடவை திரும்பும்போது குட்டிக்கானம் மலை ஏற்றத்தில் சுருளியாண்டி அண்ணன், ரோட்டிலிருந்து பார்வையை எடுக்காமல், கையைப் பின்னால் நீட்டித் தண்ணீர் கேட்டார். யாரோ ஒரு பாட்டிலைக் கொடுத்தார்கள். அண்ணாந்து மடமடவென்று குடித்தார்.

வேன் நின்ற வேகத்தில் தூங்கியவர்கள் எல்லாரும் விழித்துக்கொண்டார்கள். அண்ணன் ஓரமாகக் குனிந்து ஐந்து நிமிஷம் துப்பினார். கடற்கரைக்குப் போனால் வண்டிக்குள் படுத்துத் தூங்குவாரே தவிர, இத்தனை வருஷத்தில் கடல் பக்கம் போனவரே இல்லை. நான் பதறிப்போய் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "நான் போகலைன்னாலும் கடல் என்னையத் தேடி வந்திருச்சு பாத்தியா தெய்வா, உன்னையத் தேடி என்னைக்கு வரப் போகுதோ!"

பத்தில் ஒன்று

எனக்கு அந்த ஒன்று போன வருஷம் மழை ஓய்ந்த சமயத்தில் வந்தது. மறுபடியும் கே.கே.பட்டிக் கூட்டம், பொன்னுத்தாய் அக்கா தலைமையில். கடற்கரை நடைபாதையில் அன்று கால் வைக்க இடமில்லை. அதனால் செருப்புகளைச் சுவருக்கு மேலே அடுக்காமல், கீழே மணலில், அலை வருகிற இடத்துக்கு நல்ல தூரத்தில் அடுக்கினேன். நான் சுவர் மேல் உட்கார்ந்துகொண்டேன். ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கடைக்காரருக்குப் போன் போட்டுத் தலைக்கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ‘இருபத்திரண்டு’ என்று சொல்லி முடிப்பதற்குள் ஓர் அலை, மற்ற அலைகள் நின்ற இடத்தில் நிற்காமல், நேரே சுவர் வரைக்கும் வந்தது. போகும்போது வரிசையைக் கலைக்காமல் அத்தனை செருப்பையும் எடுத்துக்கொண்டு போனது.

அடுத்து நடந்தது நான் யோசித்துச் செய்ததல்ல. ஒன்பது வருஷத்தில் ஒரு வார் அறுந்துபோனது என்றுகூட யாரும் என்னைச் சொன்னதில்லை. அந்தப் பேர் செருப்போடு சேர்ந்து மிதந்து போவது மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. போனைச் சுவர் மேல் வைத்துவிட்டுக் குதித்தேன். முழங்கால், தொடை, இடுப்பு. ஒன்றைப் பிடித்துக் கரைக்கு எறிவேன், அடுத்ததற்குப் பாய்வேன். நடுவில் இரண்டு தடவை தலைக்கு மேல் அலை போனது. வாய் நிறைய உப்பு. எங்கள் ஆட்கள் நாலைந்து பேர் கைகோத்து நின்று, நான் எறிந்ததையெல்லாம் பொறுக்கினார்கள். "நாப்பத்தி மூணு, நாப்பத்தி நாலு, எல்லாம் வந்திருச்சு, வெளிய வாங்க!" என்று கத்தினார்கள். அப்போதுதான் நின்று பார்த்தேன். நெஞ்சு வரை கடல். கண்டம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. ஒரு சின்ன அலை வந்து முதுகைத் தட்டிவிட்டுப் போனது.

கரைக்கு வந்து மணலில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் முப்பது நாற்பது வருஷமாகத் தூக்கிச் சுமந்த மூட்டையை யாரோ வாங்கிக்கொண்ட மாதிரி அவ்வளவு லேசாக இருந்தது. நாற்பத்து நாலு செருப்பும் வந்துவிட்டது. கடல் எடுத்துக்கொண்டது என் இடது கால் செருப்பு ஒன்றைத்தான். பொன்னுத்தாய் அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் என் தலையைத் துவட்டினார். பூச்சி விழுந்த கொத்தைப் பார்க்கிற அதே பார்வை. இனி எந்த ரகசியமும் இல்லை என்று எனக்கே தெரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நீ செருப்பக் காக்கல தம்பி, செருப்புதான் இத்தன நாளா உன்னையக் காத்துச்சுன்னு எனக்கு மூணாவது டூருலயே தெரியும், யாருகிட்டயும் மூச்சு விட்டேனா?"

வீட்டில்

மறுநாள் ஒற்றைச் செருப்போடும், காய்ந்து உப்புப் பூத்த பேன்ட்டோடும் வீட்டுக்குப் போனேன். ஒவ்வொரு டூர் முடிந்ததும் அம்மா, "கடல்ல குளிச்சியாலே?" என்று கேட்பாள். உளவு பார்க்கிறாள் என்று நினைத்து, "பக்கத்துலயே போகலம்மா" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். உதட்டைப் பிதுக்கிவிட்டு உள்ளே போய்விடுவாள். அன்றைக்கும் கேட்டாள். பொய் சொல்லத் தெம்பில்லை. காலில் விழாத குறையாக எல்லாவற்றையும் சொல்லி, கண்டத்தை மீறிவிட்டேன், பரிகாரம் ஏதாவது இருந்தால் செய்துவிடலாம் என்றேன்.

அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்து, மஞ்சள் தடவிய ஜாதக நோட்டை எடுத்து வந்து கொடுத்தாள். ‘நீரால் கண்டம் உண்டு’ என்பது பக்கத்தின் கடைசி வரி. பக்கத்தைத் திருப்பினால் முதல் வரி, ‘முப்பது வயது பூர்த்தியாகும் வரை’. எனக்கு இப்போது நாற்பத்திரண்டு. நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்க, உப்புத் தண்ணி உனக்குப் பிடிக்கலையாக்கும்னு இருந்தேன் என்று அலுத்துக்கொண்ட அம்மா, பெட்டியைப் பூட்டிக்கொண்டே கேட்டாள்: "கண்டம் கழிஞ்சதுக்குத்தானே ஏலே அன்னைக்குச் சுரபி ஆத்துல முங்கச் சொன்னேன், முங்கிட்டேன்னு நீதானே வந்து சொன்ன?"

ஆகவே என்னோடு சேர்ந்து அவதிப்படும் அன்பர்களே, கொச்சியில் கண்டிப்பாகச் செய்ய வேண்டியவை பத்து, ஆனால் வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, ஜாதகத்தில் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது.